‘ஹெட்டைக் கழட்டணும்’ என்றால் உடனே தலையாட்டாதீர்கள்!



தையல் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் நாம் என்ன செய்வோம்? முதலில் ஊசியைப் பார்ப்போம். அப்புறம் பாபினைப் பார்ப்போம், நூலை மாற்றிப் பார்ப்போம். அதற்கும் சரியாகவில்லை என்றால்தான் மெஷின்காரரைக் கூப்பிடுவோம். எடுத்த எடுப்பில் மெஷினையே பிரித்துப் போட மாட்டோம். ஆனால் வீட்டில் இருக்கும் பழைய கார் உதறிக்கொண்டு ஓடினால் மட்டும், ஒர்க் ஷாப்பில் என்ன சொன்னாலும் சரியென்று தலையாட்டிவிட்டு, நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடுகிறோம். ‘அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்’ என்று ஒதுங்கி இருப்பதால் நஷ்டம் நம் வீட்டுக்குத்தான்.

எங்கள் வீட்டில் இருப்பது 1996-ல் மாமனார் வாங்கிய மாருதி 800. கார்ப்பரேட்டர் வண்டி. 1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்த இந்த வண்டியின் தயாரிப்பு 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. ஆனாலும் எத்தனையோ வீடுகளில் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 15 வருஷம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்து, வரி கட்டி வைத்திருப்பவர்கள் பெருமைக்காக வைத்திருக்கவில்லை. என் மாமியாருக்கு வாரம் 2 நாள் டயாலிசிஸ். முடித்துவிட்டு வரும்போது பஸ் ஏற அவருக்குத் தெம்பு இருக்காது. கணவர் வெளியூர் வேலையில் இருப்பதால் நான்தான் ஓட்டிக்கொண்டு போகிறேன். அந்த வண்டி நின்றால் எங்களுக்குக் கை ஒடிந்த மாதிரி.

போன மழைக்காலத்தில் வண்டி மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் குலுங்கும். மேட்டில் இழுக்காது. ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டினேன். இரண்டு தடவை ரேஸ் கொடுத்துப் பார்த்துவிட்டு, “ஹெட்டைக் கழட்டணும்மா, 18 ஆயிரம் ஆகும்” என்றார்கள். “கம்ப்ரஷன் பார்த்தீங்களாண்ணே? எந்த சிலிண்டர்ல எவ்வளவு இருக்கு?” என்று கேட்டேன். “உங்களுக்கு அதெல்லாம் புரியாதும்மா, சாரை வரச் சொல்லுங்க” என்று பதில் வந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வேறொரு வயதான மெக்கானிக் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார். ஒரு பிளக் வயரில் விரிசல், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டாரின் முனை கருகியிருந்தது. ஆயிரம் ரூபாய்க்குள் வேலை முடிந்தது.

அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தெரிந்திருந்ததற்குக் காரணம் என் சித்தப்பா. ஒர்க் ஷாப் வைத்திருந்தவர். பள்ளிக்கூட லீவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் சித்தப்பா மெக்கானிக்காக இருக்க முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷயம் ரொம்ப சுலபம். இந்த வண்டியின் இன்ஜினில் 3 சிலிண்டர். மூன்று அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு எரிய பெட்ரோல் வேண்டும், காற்று வேண்டும், சரியான நேரத்தில் தீப்பொறி வேண்டும், உள்ளே கலவையை இறுக்கும் அழுத்தம் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்த அடுப்பு எரியாது. அதுதான் மிஸ்ஸிங். மூன்றில் ஒன்று அணைந்தால் வண்டி குலுங்காமல் என்ன செய்யும்? தீப்பொறியும் பெட்ரோலும் காற்றும் கோளாறு என்றால் பெரும்பாலும் சில்லறைச் செலவு. அழுத்தம் போயிருந்தால்தான் பெரிய செலவு. அதனால் சின்னச் செலவிலிருந்து பெரிய செலவுக்குப் போக வேண்டுமே தவிர, தலைகீழாகப் போகக்கூடாது.

முதலில் எப்போது மிஸ்ஸிங் வருகிறது என்று கவனித்து ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். மழையிலும் பனியிலும் மட்டும் வந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் வயரிலும் ஈரம் இறங்கியிருக்கலாம். நிற்கும்போது குலுங்கி, வேகம் எடுத்தால் சரியாகிவிட்டால், ரப்பர் குழாயில் விரிசல் விழுந்து வேண்டாத காற்று புகுகிறதா, கார்ப்பரேட்டரின் ஐடிலிங் துளையில் அழுக்கா என்று பார்க்கச் சொல்லலாம். மேட்டில் மட்டும் திணறினால் தீப்பொறி பலவீனமாக இருக்கலாம், பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருக்கலாம். இந்தச் சீட்டைக் கொடுத்தாலே மெக்கானிக்குக் பாதி வேலை மிச்சம்.

அடுத்து பிளக். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கழற்றச் சொல்லி, கையில் வாங்கிப் பாருங்கள். முனை இளம் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் நல்லது. அடுப்புக்கரி மாதிரி உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது தீப்பொறி போதவில்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பு என்றால் ஆயில் உள்ளே இறங்குகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் அங்கே தீப்பொறி விழவில்லை என்று சந்தேகப்படலாம். சந்தேகப்படும் பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டால், கோளாறும் கூடவே போகிறதா என்று தெரிந்துவிடும். போனால் பிளக்தான் குற்றவாளி. இந்தச் சோதனைக்குப் பைசா செலவில்லை.

இருட்டிய பிறகு இன்ஜினை ஓடவிட்டு, பானட்டைத் திறந்து, தள்ளி நின்று பாருங்கள். வயரில் நீலமாகப் பொறி தெறித்தால் மின்சாரம் வழியிலேயே கசிகிறது என்று அர்த்தம். கண்ணால் பார்ப்பதோடு சரி, கை வைக்கக்கூடாது. அந்த வயரில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எந்த சிலிண்டர் செத்திருக்கிறது என்று பார்க்கும் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்னலையும் தாலிச் சங்கிலியையும் உள்ளே போட்டுக்கொண்டுதான் பானட் பக்கம் போக வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றும். பெட்ரோல் வாடை அடித்தால் ஸ்டார்ட்டே செய்ய வேண்டாம்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டி வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு. அதில் கம்ப்யூட்டர் இருக்கிறது, ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சைலன்சர் வழியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியை மிஸ்ஸிங்கோடு நாள் கணக்கில் ஓட்டினால், எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து அதையும் கெடுத்துவிடும்.

இன்னொன்று. எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். நம் பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதனால் டாங்கை நிரப்பி வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். குழாய்களை வருஷம் ஒரு முறையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் மிஸ்ஸிங் போகவில்லையா? அப்போது கம்ப்ரஷன் கேஜ் வைத்து 3 சிலிண்டரிலும் அளந்து, எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மிகவும் குறைவாக இருந்தால், அதில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ கேஸ்கட்டையோ சந்தேகப்பட வேண்டும். அப்போது ஹெட்டைக் கழற்றுவது நியாயம். மனசாரச் செலவு செய்யலாம்.

எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல தொழில்காரர் கேள்வி கேட்டால் கோபப்பட மாட்டார், கையைத் துடைத்துக்கொண்டு காட்டித் தருவார். எங்கள் வண்டியைச் சரிசெய்த பெரியவர் பழைய வயரை என் கையில் கொடுத்து, “இந்தக் கீறலைப் பாரும்மா” என்றார். அப்படிப்பட்டவர்களுக்கு நம் வீட்டு வேலை போக வேண்டும். “சாரை வரச் சொல்லுங்க” என்பவர்களுக்குப் போகக்கூடாது.

கழற்றிப் போட்ட பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். எதற்காக மாற்றினீர்கள் என்று கேளுங்கள். பில் கேளுங்கள். உங்கள் மகள் கூட வந்தால் அவளையும் பக்கத்தில் நிறுத்தி அந்தப் பிளக்கை அவள் கையில் கொடுங்கள். தங்கம் உரசிப் பார்க்காமல் வாங்காத நாம், 18 ஆயிரத்தை மட்டும் ஏன் கேள்வி கேட்காமல் கொடுக்க வேண்டும்? சகோதரிகள் என்ன சொல்கிறீர்கள்?

– ஒரு வாசகி, திண்டுக்கல்.