கையெழுத்தோட நின்னு போற படிப்பு

எங்க ஊர் ஸ்கூல்ல சாயங்காலம் எழுத்தறிவு வகுப்பு நடக்குது. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்னு பேரு. 15 வயசுக்கு மேல எழுதப் படிக்கத் தெரியாதவங்க யாரும் சேரலாம். ஆனா எங்க ஊர்ல வந்து உக்கார்றதெல்லாம் அம்பது, அறுபது தாண்டின பொம்பளைங்கதான். நல்ல காரியம், நான் குறை சொல்லல. ஆனா பேர் எழுதக் கத்துக்கிட்டு, பஸ் போர்டு படிச்சு, ஒரு பரீட்சையும் எழுதிட்டா அதோட படிப்பு முடிஞ்சுது. அதுக்கு மேல இவங்களுக்கு ஒண்ணும் வேணாம்னு யார் முடிவு பண்ணது?

நான் கேக்கறது கூத்து. வயசானவங்களுக்குக் கூத்து கத்துக் குடுங்கன்றேன். சிரிப்பு வருதா?

எங்க செய்யாறு, வந்தவாசி பக்கத்துல திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வெச்சா பகல்ல பிரசங்கம், ராத்திரி பத்து மணிக்கு மேல விடிய விடிய கூத்து. எங்கப்பா காலத்துல கூத்து வாத்தியார் ஒருத்தர் மாசக்கணக்கா ஊர்லயே தங்கி, மாடு ஓட்டுற பசங்களுக்கெல்லாம் பாடம் சொல்லிக் குடுப்பார். அவர் ஒரு அடி பாடுவார், இவங்க திருப்பிப் பாடணும். பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. ஆனா ஒரு ராத்திரி முழுக்க ஆடுற பாட்டும் வசனமும் மண்டையில நின்னுச்சு. காதால கத்துக்கறதும் படிப்புதானே?

பொம்பளைங்க சங்கதி வேற. அவங்க பாயை விரிச்சு முன்னாடி உக்காந்து, வருஷா வருஷம் பாத்தவங்க. திரௌபதி வேஷம்கூட ஆம்பளைதான் கட்டினான். பக்கத்து வீட்டு ஆயா ஒருத்தங்க அந்த வகுப்புக்குப் போறாங்க. துகிலுரிதல்ல திரௌபதி சபையில கேக்கற கேள்வியை அப்படியே மூச்சு விடாம சொல்றாங்க. "எழுத்துதான் தம்பி மறந்து மறந்து போவுது, இது போவல"ன்னாங்க. நடவுக்கு மெஷின் வந்த பிறகு வயல்லயும் பாட்டு இல்ல. இப்ப அவங்க குரலெடுத்துப் பாடறது சாவு வீட்டுல ஒப்பாரிக்கு மட்டும்தான்.

பொம்பளை கூத்தாட முடியுமான்னு கேட்டா, காஞ்சிபுரத்துப் பக்கம் புஞ்சரசந்தாங்கல்ல கட்டைக்கூத்து குருகுலம் 2002ல இருந்து 2020 வரைக்கும் நடந்துச்சு. ராஜகோபால் வாத்தியார்கிட்ட பொண்ணுங்களும் கத்துக்கிட்டு மேடையேறினாங்க. ஆனா அது பிள்ளைங்களுக்கு. சர்க்காரோட ஜவகர் சிறுவர் மன்றம் 5 வயசுல இருந்து 16 வரைக்கும். அறுபதுக்கு எங்க மன்றம்?

அறிவொளி இயக்கத்தை உங்கள்ல சில பேர் பாத்திருப்பீங்க. 1991ல புதுக்கோட்டையில ஆரம்பிச்சப்போ வீதி நாடகமும் பாட்டும் போட்டுத்தான் ஜனங்களைக் கூப்பிட்டாங்க. எழுத்தோட சேத்து பொம்பளைங்களுக்கு சைக்கிள் விடவும் கத்துக் குடுத்தாங்க. சைக்கிள் படிப்பாகுமான்னு அப்ப கேக்கலயே. ஆனா நாடகம் மட்டும் பெரும்பாலும் கூட்டம் சேக்கற மணியாவே நின்னுடுச்சு. படிக்க வந்தவங்க பாத்தாங்க, ஆடல.

முட்டிவலி இருக்கறவங்க எப்படி ஆடுவாங்கன்னு கேப்பீங்க. கிரிக்கி சுத்த முடியாதுதான். புஜக்கட்டையும் கிரீடமும் கனம். ஆனா கூத்துல பின்பாட்டு இருக்கு, தாளம் இருக்கு, ஊர் நியாயத்தைச் சிரிக்கச் சிரிக்கப் பேசற கட்டியக்காரன் இருக்கான். அதுக்கெல்லாம் வயசானவங்கதான் லாயக்கு. விடிய விடிய வேணாம், ரெண்டு மணி நேரம் போதும். மாசாமாசம் பென்ஷனும் சர்க்கரை மாத்திரையும் குடுத்துட்டா கடமை முடிஞ்சுதுன்னு நெனைக்கிறோம். மீதி இருக்கற பகல் பொழுதை அவங்க டிவி சீரியல் பாத்துத் தள்றாங்க.

புரிசைக்குக் கூத்து விழா பாக்கக் கார் எடுத்துக்கிட்டு வர்றீங்க, சந்தோஷம். உங்களுக்குத் தெரியாத ஒண்ணு, ஐப்பசி கார்த்திகை மழையில கூத்தாடிங்களுக்குக் கச்சேரி கிடையாது. அந்த மாசங்கள்ல கைல காசில்லாம உக்காந்திருக்கற கலைஞருக்கு, எழுத்தறிவு வகுப்போடயே ஒரு சம்பளம் குடுத்து ஊர் ஊரா அனுப்பலாமே. சர்க்காருக்கு இது பெரிய செலவில்ல.

அதுவரைக்கும் நாங்க சும்மா இல்ல. இந்த ஐப்பசிக்கு ஒரு வாத்தியார் வர ஒத்துக்கிட்டிருக்கார். சாப்பாடு எங்க வீட்டுல, சம்பளத்துக்கு மல்லாட்ட வித்த காசுல ஆளுக்குக் கொஞ்சம். பதினோரு பேர் பேர் குடுத்திருக்காங்க, அதுல ஏழு பேர் பொம்பளைங்க. திரௌபதி வேஷத்துக்கு ஆள் சுலபமா கெடைச்சிடுச்சு. துரியோதனனுக்குத்தான் மூணு ஆயாங்க அடிச்சுக்கறாங்க.