கல்லாப்பெட்டி அருகே ஒரு டைரி



“கையில் செல்போன் இருக்கும்போது இன்னும் எதற்குச் சிட்டையும் டைரியும்?” என்று நம் வீட்டுப் பிள்ளைகளே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஜி.எஸ்.டி. கணக்கை இன்று இணையத்தில்தான் தாக்கல் செய்தாக வேண்டும். கூட்டல் கழித்தலுக்கும் செல்போன் சௌகரியமே. ஆனால் எதை எப்போது வாங்குவது, யாருக்கு எந்தத் தேதியில் கொடுப்பது, யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்ற மூன்றையும் காகிதத்தில் எழுதி வைப்பதே சிறு வணிகருக்குப் பாதுகாப்பு என்பது என் கருத்து.

ஜவ்வாது மலையிலுள்ள புதூர்நாட்டையே எடுத்துக்கொள்வோம். அங்கே மளிகைக் கடை வைத்திருப்பவர் சரக்கெடுக்கத் திருப்பத்தூருக்கு இறங்கி வர வேண்டும். ஒரு மூட்டை சர்க்கரை விட்டுப்போனாலும் மறுபடி வண்டிச் செலவு. சிக்னல் இல்லாத மலை வளைவில் செல்போனுக்குப் பட்டியல் வந்து சேராது; சட்டைப் பையிலுள்ள சீட்டு எங்கும் பேசும். மாசி, பங்குனியில் புளி வரத்து வரும். அதற்கான முதலைத் தை மாதமே ஒதுக்க வேண்டும். டைரியில் முன்கூட்டிக் குறித்து வைத்தால், முதலாளி ஊரில் இல்லாத நாளிலும் கடைப் பையன் புரட்டிப் பார்த்துக்கொள்வான்.

இது மலைக்கு மட்டும் உரியதல்ல. 2021 அக்டோபர் 4 அன்று வாட்ஸ்அப் உலகெங்கும் ஏறக்குறைய 6 மணி நேரம் முடங்கியது. நமக்கு அது இரவு நேரம்; தப்பித்தோம். தீபாவளிக்கு முந்தைய வாரம், ஆர்டர் குவியும் காலை வேளையில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எல்லாவற்றிலும் முக்கியமானது கடன் பாக்கி. தவணை பேசாமல் கடனுக்குக் கொடுத்த சரக்கின் விலைக்கு வழக்குத் தொடர, 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி சரக்குக் கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுகளே கெடு. அதற்குள் வாங்கியவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையொப்பமிட்டால், அன்று முதல் புதிய கெடு தொடங்கும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள சாட்சியச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஒழுங்காக எழுதிவரும் கணக்கை, கணினிக் கணக்கு உட்பட, சான்றாக ஏற்கிறது. ஆயினும் அந்தப் பதிவு மட்டுமே ஒருவர்மீது பொறுப்பைச் சுமத்தப் போதாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே நோட்டில் தொகையை எழுதி, தேதி போட்டு, வாடிக்கையாளரின் கையெழுத்தை வாங்குங்கள். முகம் கோணாமல் கேட்டால் நல்ல வாடிக்கையாளர் மறுக்கமாட்டார்.

காகிதத்துக்கும் பகை உண்டு: கரையான், மழை, தீ. அதற்குச் செல்போனே துணை. வாரம் ஒருமுறை பக்கங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

புத்தாண்டுக்கு மொத்த வியாபாரிகள் தரும் டைரியைப் பரணில் போட வேண்டாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 18ஆம் தேதிகளில் வரி கட்ட வேண்டியதை முதலில் குறியுங்கள். அடுத்த பக்கத்தில் 2 ஆண்டு தாண்டிய பாக்கிகளை எழுதுங்கள். வசூலை அங்கிருந்து தொடங்குங்கள்.