பெயர் தெரியும், வழி தெரியுமா?

1997 மே 23. எம். மகேந்திரன், என். மோகனதாஸ் இருவரும் எவரெஸ்ட் உச்சியில் கால் பதித்த முதல் மலேசியர்கள் ஆனார்கள். தமிழ்ப்பள்ளியில் படித்த ஆறு ஆண்டுகளில் இவ்விரு பெயர்களையும் எத்தனை முறை ஒப்பித்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. புதிர்ப்போட்டி ஒன்றில் இதற்காகவே ஓர் அகராதி பரிசாகக் கிடைத்தது. ஆனால், அவர்கள் எப்படி ஏறினார்கள்? கடைசிக் கூடாரத்தை விட்டு எத்தனை மணிக்குப் புறப்பட்டார்கள்? எந்த இடத்தில் அஞ்சினார்கள்? எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளி. அங்கே 'எப்படி' என்ற கேள்விகளுக்கெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் விடை கிடைத்தது. தமிழ், வகுப்பு முடிந்தபின் படிக்கும் ஒரு பாடமாகிவிட்டது. உணர்ச்சிக்கும் வாழ்த்துரைக்கும் தமிழ், விவரத்துக்கு வேறு மொழி என்று என்னை அறியாமலே பிரித்து வைத்துக்கொண்டேன். நண்பர்களே, உங்களில் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு என்றே நினைக்கிறேன்.

கடந்த பருவ விடுமுறையில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். பிரான்சின் மோண்ட் பிளாங்க் சிகரத்துக்குப் பனிச்சறுக்குப் பலகைகளோடு ஏறும் வழியைப் பற்றிப் படித்துவிட்டு, அதைத் தமிழில் பாட்டிக்குக் கடிதமாக எழுதினேன். பாட்டிக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்.

முதல் வரியிலேயே இடறினேன். 'பனி' என்று எழுதினால் புல்லில் படியும் காலைப்பனியா, விழும் வெண்பனியா, கல்லாய் இறுகிய பனிக்கட்டியா? மலையேறுபவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. வெண்பனியில் பலகை நிற்கும்; பனிக்கட்டியில் வழுக்கும், காலணியில் முட்களைப் பூட்டியாக வேண்டும். 'பனிச்சறுக்கு' என்ற சொல்லும் பாதிதான் உதவியது. கேட்பவர் மனத்தில் இறங்குவதே தோன்றும். இங்கேயோ அதே பலகையில்தான் ஏறுகிறார்கள்! பலகையின் அடியில் ஒரு பட்டையை ஒட்டுவார்கள். ஒரு காலத்தில் அது கடல்நாய்த் தோல்; இன்று ஆட்டு உரோமமும் நைலானும். பூனையின் முதுகைத் தடவுவதுபோல, முன்னோக்கித் தள்ளினால் நழுவும், பின்னோக்கி இழுத்தால் பற்றிக்கொள்ளும். ஏறும்போது குதிகால் விடுபட்டிருக்கும். இறங்கும்போது பட்டையை உரித்து, குதிகாலைப் பூட்டிவிடுவார்கள். இப்படி எழுதியதும் பாட்டிக்குப் புரிந்தது. எனக்கும் அப்போதுதான் சரியாகப் புரிந்தது.

வழி இதுதான். ஷமோனி ஊரிலிருந்து கம்பிவட ஊர்தியில் 2,317 மீட்டரிலுள்ள இடைநிலையம். அங்கிருந்து பக்கவாட்டில் பொசோன் பனியாற்றைக் கடக்க வேண்டும். இரண்டு பனியாறுகள் பிரியும் இடத்தில் எங்கு பார்த்தாலும் பிளவுகள். கயிற்றால் பிணைத்துக்கொண்டு நடப்பார்கள். 3,051 மீட்டரில், பாறைமேல் நிற்கும் கிராண்ட் மூலே குடிலில் படுக்கை. நள்ளிரவு கடந்ததும் நெற்றி விளக்குடன் புறப்பாடு. சின்ன மேடை எனப்படும் சமதளத்தின் மேலே வீடு வீடாகப் பனிக்கட்டிகள் தொங்குகின்றன. பனியாறு நகர்வதால் அவை எந்நேரமும் உடைந்து விழலாம். குளிர் இருக்கிறதே என்று அங்கே நின்று மூச்சு வாங்கக் கூடாது. இதைத் தவிர்க்கவே பலர் டோம் டு கூத்தேயின் செங்குத்தான வடமுகட்டில் பலகைகளை முதுகில் கட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். பிறகு 4,362 மீட்டரில் வாலோ குடில். அதற்கு மேல் கத்திமுனை போன்ற குறுகிய முகடு, உச்சி. உச்சியின் பனித்தொப்பி கூடிக் குறைவதால் உயரமும் மாறும். 2023 அளவீட்டில் 4,805.59 மீட்டர்.

1820இல் ஹாமெல் என்பவரின் குழு ஏறியபோது பனிச்சரிவில் மூன்று வழிகாட்டிகள் பிளவுக்குள் மறைந்தனர். 1861இல் அவர்களின் எச்சங்களைப் பனியாறு அடிவாரத்தில் கொண்டுவந்து போட்டது. 1966இல் ஹோமி பாபா பயணம் செய்த ஏர் இந்தியா விமானம் இம்மலையில் மோதியது. அதன் பொருள்களும் அதே பொசோன் பனியாற்றில் இன்றைய காலம்வரை வெளிப்பட்டிருக்கின்றன. பாட்டி இந்தப் பத்தியைத்தான் இருமுறை படித்தாராம்.

தொலைபேசியில் அவர் கேட்டது வேறு. "ஏன்யா, நடுராத்திரியில எதுக்குக் கெளம்புறாங்க?" வெயில் ஏறினால் பனி இளகி, சரிந்துவிடும், அதற்குள் இறங்கிவிட வேண்டும் என்றேன். "அதானே! எங்களுக்கும் அப்படித்தான். இருட்டுலயே பெரட்டுக்குப் போவோம். வெயில் ஏறுனா பால் நின்னுடும்" என்றார். ஆல்ப்ஸைப் பார்த்திராத ஒருவர், நான் மூன்று நூல்களில் படித்ததை ஒரே வரியில் பிடித்துவிட்டார். அவருக்கு இதெல்லாம் எட்டாது என்று எண்ணியிருந்த என் படிப்பை என்னவென்பது?

இக்கட்டுரையைப் பற்றிச் சொன்னபோது, பேரவையின் மூத்த அண்ணன் ஒருவர், "தமிழ் மலருக்கும் ஆல்ப்ஸுக்கும் என்னப்பா தொடர்பு?" என்றார். அவர் கேட்டது நியாயமே. மலரில் இடம் குறைவு; நம் மக்களைப் பற்றி எழுத வேண்டியதே மலைபோல் குவிந்திருக்கிறது. ஆயினும், நம் மக்களைப் பற்றி எழுதும்போதும் நாம் பெயரையும் பட்டத்தையும் தேதியையும்தானே எழுதுகிறோம்? பாட்டி எந்தக் கோணத்தில் கத்தியை வைத்துப் பட்டை சீவினார் என்று எந்த மலரில் எழுதினோம்? துல்லியமாகச் சொல்லும் பழக்கம் எங்காவது தொடங்க வேண்டும். எனக்கு அது ஆல்ப்ஸில் தொடங்கியது, அவ்வளவுதான்.

ஆசிரியர் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மலரில் 'எப்படி' என்பதற்காக நான்கு பக்கங்கள் ஒதுக்குங்கள். பொறியியல் மாணவர் பாலத்தைப் பற்றி எழுதட்டும், மருத்துவ மாணவர் தையல் போடுவதைப் பற்றி எழுதட்டும். நான் பாட்டியிடம் பால்மரம் சீவுவதைக் கேட்டு எழுதித் தருகிறேன். அவரோ, இறங்கும்போதும் கயிறு கட்டுவார்களா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்.