ஜூலை கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள்



ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பதினாறு ஆண்டுகளாக வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் வேலை பார்க்கிறேன். சம்பளக்காரர்களுக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. நிறுவனங்கள் வரிப்பிடித்தச் சான்றான படிவம் 16 தர ஜூன் 15 வரை அவகாசம் உண்டு. மிஞ்சுவது ஆறே வாரம். ஆனால் பாதிப் பேர் கடைசி வாரத்தில்தான் படியேறுகிறார்கள்.

ஒருமுறை ஜூலை 30 இரவு, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மஞ்சள் பையில் மூன்று பாஸ்புக்குகளுடன் வந்தார். வரித்துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் நான்காவதாக ஒரு வங்கியின் வைப்புநிதி வட்டி இருந்தது. கணவர் போட்டு வைத்தது; அந்த அம்மாவுக்கே நினைவில்லை. ஓடிபி போனதோ பெங்களூரில் இருக்கும் மகனின் செல்பேசிக்கு. அவர் பேருந்தில் சிக்னல் இல்லாமல் இருந்தார். தாக்கல் முடிந்தபோது மணி பதினொன்றரை.

2025இல் கெடு செப்டம்பர் 15 வரை நீண்டது. மேலும் ஒரு நாள் நீட்டிப்பு அந்த 15ஆம் தேதி இரவில்தான் வந்தது. அதற்குள் பலர் தூக்கம் தொலைத்திருந்தோம். நீட்டிப்பை முன்கூட்டியே அறிவியுங்கள் என்று அரசை வேண்டுகிறேன்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எல்லா வங்கிக் கணக்கு விவரங்களோடும் ஜூன் இறுதியிலேயே வாருங்கள். தாக்கல் செய்த 30 நாளுக்குள் சரிபார்ப்பையும் முடியுங்கள். தாமதக் கட்டணம் 5,000 ரூபாய் வரை மிச்சமாகும்; அவசரத்தில் நேரும் பிழையும் குறையும்.

இப்படிக்கு,
வரிக் கணக்கு உதவியாளர், ஈரோடு