கண்ணாடி தெளியட்டும்



செபமாலை மாதம் பிறந்துவிட்டது. ஐப்பசி அடைமழையும் நம் கடற்கரை மாவட்டங்களை நெருங்கிக்கொண்டிருக்கிறது. வீட்டுக் கூரையைச் சரிபார்க்கிறோம். வாய்க்காலைத் தூர் வாருகிறோம். நெல்மூட்டைகளை நனையாத இடத்திற்கு மாற்றுகிறோம். ஆனால், வாசலில் நிற்கும் வாகனத்தின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கிடக்கும் இரு ரப்பர்ப் பட்டைகளை நம்மில் எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறோம்? குடும்பப் பத்திரிகையில், அதுவும் குருவானவர் எழுதும் பகுதியில், வைப்பர் பிளேடு பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் வியக்கலாம். அதற்கு விடையாக, சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு நேர்ந்த ஒன்றை முதலில் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அது கார்த்திகை மாதத்து இரவு. மணி பத்தைத் தாண்டியிருக்கும். கிளைப்பங்கு ஒன்றில் மூதாட்டி ஒருவர் இறுதி நிலையில் இருப்பதாகச் செய்தி வந்தது. நற்கருணைப் பேழையையும் அர்ச்சிக்கப்பட்ட எண்ணெயையும் எடுத்துக்கொண்டு, உபதேசியாரை அருகில் அமர்த்தி, பங்கின் பழைய ஜீப்பில் நாமே புறப்பட்டோம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒருபுறம் வாய்க்கால், மறுபுறம் வயல், நடுவே ஒரு வண்டி போகும் அகலத்தில் சாலை.

அந்த ஜீப்பைப் பழுது பார்க்கும் இளைஞர் ஆவணியிலேயே நம்மிடம், "சாமி, வைப்பர் ரப்பர் கட்டை மாதிரி ஆயிடுச்சு, மாத்திடுங்க" என்று சொல்லியிருந்தார். மழை வரட்டும், பார்க்கலாம் என்றோம். புரட்டாசியில் மீண்டும் நினைவூட்டினார். திருவிழாக் கணக்கு முடியட்டும் என்றோம். சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய காரியம் அது.

பாதி வழியில் எதிரே ஒரு லாரி வந்தது. அதன் விளக்கொளி, நம் கண்ணாடியில் வைப்பர் விட்டுச் சென்ற நீர்க்கோடுகளில் பட்டுச் சிதறி, வெள்ளைத் திரையாக விரிந்தது. லாரி கடந்த பின்னும் ஓரிரு நொடி ஒன்றும் தெரியவில்லை. பிறகு இடப்புறத்தில் கருப்பாக ஏதோ தெரிந்தது. சாலையோரத்துப் பூவரச மரம் என்று எண்ணினோம். அந்த மரம் நகர்ந்தது. உபதேசியார் அலறினார். ஜீப் வழுக்கிக்கொண்டு போய், ஒரு கை நீளத்தில் நின்றது.

உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, வயலில் தேங்கிய நீரை வடித்துவிட்டு வீடு திரும்பிய முதியவர் அவர். நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. அருகில் வந்து உள்ளே எட்டிப் பார்த்து, "சாமி, நீங்களா? இந்த மழையில எங்கே போறீங்க? பாத்துப் போங்க" என்றார். அவர் நம்மைத் திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். எஞ்சிய தூரத்தை நடை வேகத்தில் கடந்தோம். உபதேசியார் அடிக்கடி இறங்கித் தம் துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். மூதாட்டிக்கு நோயில் பூசுதல் வழங்கி, வழித்துணையாக நற்கருணையும் அளித்தோம். விடியும்வரை அவ்வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்திருந்தோம். ஒருவருக்கு ஆண்டவரைச் சுமந்து சென்ற அதே வாகனம், வழியில் இன்னொருவரின் உயிரைப் பறித்திருக்கும் என்ற எண்ணம் நம்மைவிட்டு அகலவில்லை.

புனித மாற்கு தம் நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் பெத்சாயிதா ஊர்ப் பார்வையற்றவரைப் பற்றி எழுதுகிறார். ஆண்டவர் முதன்முறை தொட்டபோது அவருக்கு அரைப்பார்வைதான் கிடைத்தது; நடமாடும் மனிதர் அவருக்கு மரங்களைப்போலத் தோன்றினர். ஆண்டவர் அவரை அந்நிலையில் விட்டுவிடவில்லை. இரண்டாம் முறையும் தொட்டுத் தெளிவான பார்வை தந்தார். மனிதன் மரமாகத் தெரிவது எத்துணை ஆபத்தான பார்வை என்பதை அந்த இரவு நமக்கு உணர்த்தியது.

இனி, அன்று தொட்டு நாம் கற்றுக்கொண்டவற்றைச் சொல்வோம்.

வைப்பரைக் கெடுப்பது மழையன்று, வெயில். சித்திரை முதல் ஆவணி வரை அந்த மெல்லிய ரப்பர் விளிம்பு, கொதிக்கும் கண்ணாடிமேல் அசையாமல் கிடக்கிறது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் சேர்ந்து அதனை இறுகச் செய்து, வெடிப்பும் உண்டாக்குகின்றன. நல்ல விளிம்பு ஒவ்வொரு முறை திரும்பும்போதும் மறுபக்கம் சாய்ந்து நீரை வழித்துச் செல்லும். இறுகிய விளிம்போ சாய மறுத்துத் துள்ளும். 'டக் டக்' என்ற ஓசையும் நடுக்கமும் அதனால் வருபவையே. கோடு விழுதல், நடுவில் துடைபடாத இடம் தங்குதல், ஓசை எழுதல் ஆகிய மூன்றில் ஒன்று தோன்றினாலும் மாற்றும் காலம் வந்துவிட்டதென்று கொள்க. நம் ஊர் வெயிலுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்திற்கு முன் மாற்றுவதே அறிவுடைமை.

கடையில் மூவகைப் பிளேடுகள் கிடைக்கும். முதலாவது, இரும்புச் சட்டத்தில் ரப்பரைப் பல இடங்களில் பிடித்திருக்கும் பழைய வகை. விலை குறைவு. ஜீப், பழைய வேன் போன்றவற்றின் தட்டையான கண்ணாடிக்கு இது போதும். இரண்டாவது, சட்டமின்றி, உள்ளே எஃகு வில்பட்டை வைத்த தட்டை வகை. வளைந்த கண்ணாடி உள்ள இக்காலக் கார்களில் இது முழு நீளத்திலும் ஒரே சீராக அழுந்தும். உயரம் குறைவாதலால் எதிர்காற்று இதனை எளிதில் தூக்காது. புயற்காற்று கலந்த மழையில், நெடுஞ்சாலையில் செல்வோர்க்கு இதுவே ஏற்றது. மூன்றாவது, சட்டத்தின்மேல் பிளாஸ்டிக் உறை போர்த்திய கலப்பு வகை. ரப்பரிலும் வேறுபாடு உண்டு. சாதாரண ரப்பரின்மேல் கிராஃபைட் பூசியது உராய்வைக் குறைக்கும். சிலிக்கோன் ரப்பர் விலை மிகுதியாயினும் வெயிலை அதிகம் தாங்கும்.

வகையைக் காட்டிலும் அளவு முக்கியம். பல கார்களில் வலப்புறப் பிளேடும் இடப்புறப் பிளேடும் ஒரே நீளமுடையன அல்ல. நீளம் கூடினால் ஒன்றோடொன்று மோதும். குறைந்தால் ஓட்டுநரின் பார்வைக்குரிய பகுதி துடைபடாமல் நிற்கும். வாகனத்தோடு வந்த கையேட்டைப் பாருங்கள். அது இல்லையேல் பழைய பிளேடுகள் இரண்டையும் அளந்து கொண்டு செல்லுங்கள். வைப்பர் கையில் பிளேடு மாட்டும் கொக்கியின் அமைப்பும் வாகனத்துக்கு வாகனம் மாறும். ஆகவே வாங்கும் இடத்திலேயே பொருத்திப் பார்த்துவிடுவது நலம். வாங்குமுன் விளிம்பை விரலால் வருடிப் பாருங்கள். வளைந்து எழ வேண்டும், வெடிப்போ பிசிறோ இருத்தல் ஆகாது. இரண்டையும் ஒருசேர மாற்றுங்கள். மாற்றும்போது கண்ணாடிமேல் தடித்த துணி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். பிளேடு இல்லாத இரும்புக் கை வில்விசையால் திடீரென விழுந்தால் கண்ணாடி உடையும்.

புதிய பிளேடு வாங்கியதோடு கடமை முடியவில்லை. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் ரப்பர் விளிம்பையும் கண்ணாடியையும் துடையுங்கள். முதல் மழையில் சாலையின் எண்ணெயும் தூசியும் கலந்து தெறித்துக் கண்ணாடியில் படலமாகப் படியும். அப்படலத்தின்மேல் எந்தப் பிளேடும் கோடுதான் இழுக்கும். காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டாதீர்கள். மணல் துகள் கண்ணாடியைக் கீறிவிடும். ரப்பரை மண்ணெண்ணெய், பெட்ரோல் கொண்டு துடைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது ரப்பரை ஊதச் செய்து கெடுத்துவிடும். உட்புறம் மூடுபனிபோல் படிவதற்கு வைப்பர் பொறுப்பன்று, ஏ.சி. காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள், அஃது இல்லாத வண்டியில் பக்கக் கண்ணாடியைச் சற்றே இறக்குங்கள்.

இந்தச் சிறு கருவி பிறந்ததும் பிறர்மேல் கொண்ட பரிவிலிருந்துதான். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி நியூயார்க் சென்றிருந்தபோது, பனிமழையில் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு அல்லலுற்ற டிராம் ஓட்டுநரைக் கண்டார். உள்ளிருந்தே கைப்பிடியால் இயக்கக்கூடிய ரப்பர்த் துடைப்பானுக்கு 1903-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் காப்புரிமை பெற்றார். இன்று நம் நாட்டில், 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், முன்கண்ணாடியுள்ள வாகனங்களில் செவ்வனே இயங்கும் வைப்பர் இருத்தல் வேண்டும் என்று விதிக்கின்றன. சட்டம் கேட்பது 'செவ்வனே இயங்கும்' வைப்பரை; பெயருக்குத் தொங்கும் வைப்பரை அன்று.

எனினும் ஓர் எச்சரிக்கை. சிறந்த வைப்பருக்கும் எல்லை உண்டு. முழு வேகத்தில் ஓடியும் சாலை தெரியவில்லையெனில், சாலையைவிட்டு விலகிப் பெட்ரோல் பங்க் போன்ற பாதுகாப்பான இடத்தில் நிறுத்திக் காத்திருங்கள். விளக்கைத் தாழ்த்தியே வையுங்கள். உயர்த்தினால் ஒளி மழைத்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகை, வேதாரண்யம் பகுதியில் கரை கடந்து தென்னந்தோப்புகளைச் சாய்த்ததை நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். புயலின் கண் கடக்கையில் அமைதி நிலவும். அதை நம்பி வெளியே வருவோரை எதிர்த்திசைக் காற்று தாக்கும். நல்ல வைப்பர், புயலில் புறப்படுவதற்கான அனுமதிச் சீட்டு அன்று.

அன்பர்களே, ரப்பர் ஒரே நாளில் இறுகுவதில்லை. நாளுக்கு நாள் சிறிது சிறிதாக இறுகுகிறது; வெயில் காலத்தில் அதன் குறை தெரிவதே இல்லை. மழை வந்து, இருளும் வந்து, எதிரே ஒளியும் பாயும் வேளையில்தான் தெரிகிறது. நம் மனச்சான்றும் அத்தகையதே. ஒத்திப்போட்ட ஒப்புரவு, கேட்கத் தவறிய மன்னிப்பு, 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிய சிறு கடமை, இவை சோதனை வரும்வரை நம்மை உறுத்துவதில்லை. இறுகிய மனத்தின் வழியே பார்த்தால் வேலைக்காரரும் ஏழையும் அண்டை வீட்டாரும் மனிதராகத் தெரிவதில்லை, மரங்களாகவே தெரிகின்றனர். இரவில் உறங்குமுன் செய்யும் ஆன்மச் சோதனையும், காலம் தவறாது பெறும் பாவசங்கீர்த்தனமும் நம் கண்ணாடியைத் துடைத்துத் தருகின்றன.

ஆகவே, இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். குடும்பத் தலைவர்களே, உங்கள் வாகனத்தின் கண்ணாடியில் ஒரு குவளை நீரை ஊற்றி வைப்பரை ஓட்டிப் பாருங்கள். தாய்மார்களே, உங்கள் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பள்ளி வேன், ஆட்டோ ஓட்டுநரிடம், "தம்பி, வைப்பர் நன்றாக இருக்கிறதா?" என்று அன்போடு கேளுங்கள். கையில் பணமில்லை என்று அவர் தயங்கினால், நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கிக் கொடுங்கள். அதுவும் அறச்செயலே.

அந்த முதியவர் இன்றும் நலமாயிருக்கிறார். நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். எனினும் வழியில் நம் ஜீப்பைக் கண்டால் வரப்பில் நின்றபடி கையை உயர்த்துவார். அன்றிரவு மரணம் எத்தனை அருகில் வந்து நின்றது என்பது அவருக்கு முழுமையாகத் தெரியாது. நமக்குத் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் ஆவணி பிறந்ததும், எவரும் நினைவூட்டுமுன், புதிய பிளேடுகளை நாமே வாங்கி மாட்டிவிடுகிறோம்.