300டி எடுத்த முகங்களை அழிப்பதா?

தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பேச்சு எழுந்த நாளிலிருந்து இவ்விதழுக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. எடுத்த நோக்கம் முடிந்தபின் தரவை வைத்திருக்கக் கூடாது என்கிறது சட்டம். அப்படியானால் ஸ்ரூடியோ அலுமாரியில் கிடக்கும் பழைய சீடிகளையும் ஹார்ட் டிஸ்குகளையும் என்ன செய்வது? 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் கட்டம் கட்டமாக வருகிறது. திகதிகள் தள்ளிப்போயின, திருத்தங்களும் வந்தன. ஒரு கோடி ரூபா வரை தண்டம் என்ற செய்தி மட்டும் தள்ளிப்போகாமல் எல்லாக் கடைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. வில்லங்கம் வேண்டாம், பெட்டியோடு கொளுத்திவிடுவோம் என்று எண்ணுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

எமது நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 2003க்கும் 2009க்கும் இடையில் நமது ஸ்ரூடியோக்கள் எடுத்த டிஜிற்றல் படங்களை, படத்தில் இருப்பவரே வந்து கேட்டாலன்றி, யாரும் அழிக்க வேண்டாம். சட்டத்துக்கு எதிராக நிற்கச் சொல்லவில்லை. பொதுநலன் கருதிய ஆவணக் காப்புக்கும் வரலாற்று ஆய்வுக்கும் தரவைக் கூடுதல் காலம் வைத்திருக்க அந்தச் சட்டமே இடம் விடுகிறது. அந்த இடத்துக்குள் நமது சேகரிப்புகள் அடங்குமா என்பதே கேள்வி. அதற்கு விடை சொல்ல, அந்தக் கோப்புகள் எவ்வளவு பெறுமதியானவை என்று பார்க்க வேண்டும். அதற்கு அவற்றை எடுத்த கமராவை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

யுத்தநிறுத்த காலத்தில் நம்மிற் பலர் கையில் முதன்முதல் வந்த டிஜிற்றல் எஸ்எல்ஆர், கெனன் ஈஓஎஸ் 300டி. 2003 ஓகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அதற்கு நான்கு ஆண்டு முன் வந்த நிக்கோன் டி1, 2.7 மெகாபிக்சலுக்கு ஐயாயிரம் டொலருக்கு மேல் கேட்டது. 300டி 6.3 மெகாபிக்சலை 899 டொலருக்குக் கொடுத்தது. பிலிம் கமராவில் பாவித்த ஈஎஃப் லென்ஸ்கள் அப்படியே பொருந்தின. ஐஎஸ்ஓ 100இலும் 200இலும் அந்த சீமோஸ் சென்சர் கொடுத்த தோல் நிறத்தை இன்றைய கமராக்களோடு வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. 3072க்கு 2048 பிக்சல் என்றால் எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலப் படம் அங்குலத்துக்கு 256 பிக்சலில் அச்சாகும். கல்யாண அல்பத்துக்கு அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

முகம் அறிதல் என்ற இன்றைய அளவுகோலை வைத்தால் கணக்கு இன்னும் தெளிவாகும். அடையாளப் படத்தில் இரு கண்களுக்கும் இடையே குறைந்தது 90 பிக்சல் வேண்டும் என்கிறது சர்வதேச நியமம். 300டியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த தனிப்படம் அதைப்போல் நாலு மடங்கு தரும். ஆக, 2005இல் நானாட்டானில் எடுத்த ஒரு அடையாள அட்டைப் படத்தின் மூலக் கோப்பு இன்று கிடைத்தால், எந்த ஒப்பீட்டுக்கும் அது போதும். வகுப்புப் படம் போதாது. இருபது பேர் ஒரு வரிசையில் நின்றால் ஆளுக்கு 150 பிக்சல் அகலம். அதில் கண்ணிடைத் தூரம் முப்பதைத் தாண்டாது. யஷிகா மாட்டில் 120 பிலிம் போட்டு எடுத்த அதே வகுப்புப் படத்தின் நெகட்டிவ் இதைவிடக் கூடுதல் சொல்லும்.

குறைகள் என்று நாம் அந்நாளில் அடுக்கியவை இன்று சிறியவையாகத் தெரிகின்றன. வெள்ளிப் பூச்சு பிளாஸ்டிக் உடல், விழித்தெழ மூன்று செக்கன், நாலு படத்தோடு நிரம்பும் பஃபர், பிளாஷ் அளவைத் திருத்த வழியில்லாமை, ஸ்ரூடியோ பிளாஷ் வயரைச் செருக ஓட்டையே இல்லாமை. இவையெல்லாம் வேலையை மெதுவாக்கின, படத்தைக் கெடுக்கவில்லை. படத்தின் சாட்சிப் பெறுமதியைக் கெடுத்தவை வேறு.

முதலாவது, மணிக்கூடு. உள்ளே இருக்கும் சிஆர்2016 பற்றரி இறந்தால் திகதி ஆரம்பத்துக்குத் திரும்பிவிடும்; அதைத் திருத்தாமலே மாதக்கணக்கில் எடுத்தவர்கள் உண்டு. திருத்தியவர்களுக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2006 ஏப்ரல் 15 வரை இலங்கை நேரம் கிரீன்விச்சுக்கு ஆறு மணித்தியாலம் முன், அன்றிலிருந்து ஐந்தரை. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் அதற்கு முன்பும் ஐந்தரையே ஓடியது. மடுவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வந்த ஒரே கமராவில் எந்த நேரம் வைத்திருந்தார்கள் என்பதைக் கோப்பு சொல்லாது. நேர வலயத்தைக் குறிக்கும் புலமே எக்ஸிப் நியமத்தில் 2016இல்தான் சேர்ந்தது. 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் இப்படங்களை நீதிமன்றத்தில் வைக்க நேர்ந்தால், கருவி ஒழுங்காக இயங்கியதா என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் கேள்வியாக இருக்கும்.

இரண்டாவது, கோப்பின் பெயர். இலக்கமிடலை ஒவ்வொரு கார்டுக்கும் மீளத் தொடங்க விட்டிருந்தால், ஒரே ஸ்ரூடியோவில் ஒரே பெயர்கொண்ட நூறு படங்கள் இருக்கும். நெகட்டிவ் உறையில் பேனையால் எழுதிய இலக்கமும் பற்றுச்சீட்டுப் புத்தகமும் ஒத்துப்போகும். இங்கே எது யாருடையது என்று கண்டுபிடிக்க முகத்தைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவதுதான் பெரியது. அந்தக் கமரா அழிப்பதை இலவசமாக்கியது. 512 எம்பி சிஎஃப் கார்ட் ஒன்றில் ஏறத்தாழ 150 பெரிய ஜேபெக் படங்களே கொள்ளும். கார்டின் விலையோ ஒரு சிறு ஸ்ரூடியோவுக்குச் சுமை. படம் அச்சாகி வாடிக்கையாளர் கைக்குப் போனதும் கார்டை அழித்து அடுத்த வேலைக்கு எடுப்பது தொழிலின் வழமையாகிவிட்டது. சீடியில் எழுதி வைத்தவர்களுக்கோ மலிவுச் சீடியின் சாயப்படலம் மன்னார் வெக்கையிலும் உப்புக் காற்றிலும் பத்து ஆண்டைத் தாண்டவே தடுமாறியது. பின்புறத் திரை இன்னொரு விளைவையும் கொண்டுவந்தது. பிலிம் றோலுக்குள் என்ன இருக்கிறது என்று சோதனைச் சாவடியில் யாராலும் பார்க்க முடியாது. 300டியில் பார்க்கலாம், பார்த்தவுடன் அழிக்கச் சொல்லலாம். வீதிகளில் படம் எடுத்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

இந்த மூன்றாவது குறையைத்தான் இவ்விதழ் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. சலித்துப்போனவர்கள் இன்னொருமுறை பொறுத்துக்கொள்ளட்டும்.

நமது மன்னார் மாவட்டத்தில் 1980களின் முகங்கள் நெகட்டிவில் இருக்கின்றன. அவற்றின் பெரும்பகுதி குண்டிலும் இடப்பெயர்விலும் போய்விட்டது. ஆனாலும் தப்பிய கடைகளில் தேடினால் கிடைக்கும். 2010க்குப் பிந்தியவை கைப்பேசிகளில் கொட்டிக் கிடக்கின்றன. இடையில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. அது சரியாக நமது தொழில் பிலிமிலிருந்து டிஜிற்றலுக்கு மாறிய காலம். போர் கடைசியாகவும் கொடூரமாகவும் வந்த காலமும் அதுதான். 2007இல் சிலாவத்துறை, அரிப்புப் பக்கத்துச் சனம் நானாட்டானுக்கும் முருங்கனுக்கும் இடம்பெயர்ந்து வந்தது. 2008இல் அடம்பனும் விடத்தல்தீவும் விழ, அங்கிருந்தோர் கிழக்கே போய், முள்ளிவாய்க்கால்வரை போய், மிஞ்சியவர்கள் மெனிக் பாம் முகாமுக்கு வந்தார்கள். வரும்போது பலர் கையில் ஒரு படமும் இல்லை. மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை கச்சேரிப் புள்ளிவிவரங்களை ஒப்பிட்டு, 146,679 பேருக்குக் கணக்கு இல்லை என்று 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் சொன்னார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை ஒழுங்கான பதில் இல்லை.

2017 இலிருந்து தெருவோரப் பந்தல்களில் இருக்கும் காணாமற்போனோரின் தாய்மார் ஏந்தியிருப்பது என்ன என்று நமது தொழில்காரர் கண்ணால் பாருங்கள். அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படத்தைப் பெருப்பித்தது. வகுப்புப் படத்தில் வெட்டியது. முதல் நன்மைப் படத்தில், தம்பியின் தோளுக்குப் பின்னால் நின்ற அண்ணனைப் பிரித்தெடுத்தது. போட்டோக் கொப்பியின் போட்டோக் கொப்பி. அந்த முகத்தின் ஆறு மெகாபிக்சல் மூலம் நம் யாரோ ஒருவரின் அலுமாரிக்குள் உரிந்துகொண்டிருக்கும் சீடியில் இருக்கலாம். அதைத்தான், நோக்கம் முடிந்துவிட்டது, கொளுத்திவிடு என்கிறார்களா? அந்த நோக்கம் முடிந்துவிட்டது என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

சட்டம் உயிரோடு இருப்பவரைப் பற்றிப் பேசுகிறது. இறந்தவரைப் பற்றியும் பேசி, அவர் சார்பில் வாரிசு கேட்கலாம் என்கிறது. காணாமற்போனவருக்கு வாரிசு யார்? 2016இல் இதே அரசு காணக்கிடையாமைச் சான்றிதழுக்கு ஏற்பாடு செய்தது. இறப்பை ஏற்காத குடும்பங்களுக்காகச் செய்தது. ஆறு ஆண்டு கழித்து வந்த தரவுச் சட்டத்தில் அந்தச் சான்றிதழ்க்காரருக்கு என்ன நிலை என்று எங்களுக்கு விளங்கச் சொல்லியிருக்க வேண்டாமா?

ஸ்ரூடியோக்காரரிடம் அரசு எதையும் கேட்பதில்லை என்று சொல்ல முடியாது. கடவுச்சீட்டுப் படத்துக்கு அங்கீகாரம் பெறு என்றது. அடையாள அட்டைப் படத்துக்குப் பதிவு செய் என்றது. தலை எவ்வளவு, பின்னணி எந்த நிறம், கண்ணாடியில் பிளாஷ் தெறிக்கலாமா என்றெல்லாம் அளந்து சொன்னது. எடுத்த கோப்பை எத்தனை ஆண்டு, எப்படி, யார் செலவில் காப்பது என்று எங்கள் மேசைக்கு ஒரு வரியும் வந்ததில்லை. இனி முகமும் கருவிழியும் கைரேகையும் சேர்ந்த புதிய டிஜிற்றல் அடையாளம் வரும்போது அந்தப் படம் எடுக்கும் வேலையும் நம் கையை விட்டுப் போகலாம். வேலை போனாலும் அலுமாரியின் பொறுப்பு மட்டும் நம்மோடு நிற்கும்.

2020இல் நானாட்டானில் வீட்டுக் காணியொன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழங்கால நாணயங்கள் கிடைத்தபோது உடனே சட்டம் வந்தது, அதிகாரிகள் வந்தார்கள், எண்ணி எடுத்துக்கொண்டு போனார்கள். நல்லது. பல நூற்றாண்டுக்கு முந்திய காசுக்கு ஒரு கட்டளைச் சட்டம் 1940 இலிருந்தே இருக்கிறது. அரச ஆவணங்களுக்கு 1973 ஆம் ஆண்டின் சுவடிகள் சட்டம் இருக்கிறது. இருபது ஆண்டுக்கு முன் இதே ஊரில் இருந்த ஒரு பிள்ளையின் முகத்துக்கு இருப்பது தண்டப்பணம்தான்.

எதிர்வாதத்துக்கும் நியாயம் உண்டு. உயிரோடு இருப்பவர் தன் படத்தை அழிக்கக் கேட்டால் அழித்தே ஆக வேண்டும். பொம்பிளைப் பிள்ளைகளின் படங்கள் எங்கெங்கோ போய்ச் சேரும் காலத்தில் அதில் இரண்டாம் பேச்சு இல்லை. முகங்களைத் திரட்டி வைப்பது இந்த மண்ணில் சும்மா விசயமும் அல்ல. யாழ்ப்பாண, கிளிநொச்சி மாவட்டங்களில் படையினர் நடத்திய குடும்பப் பதிவு 2011இல் உயர் நீதிமன்றம்வரை போய்த்தான் நின்றது. ஆகவே சேகரிப்பை அரசிடமோ படையிடமோ ஒப்படைக்கச் சொல்லவில்லை. படம் ஸ்ரூடியோவிலேயே, இணையத்தோடு தொடுக்காத ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும். குடும்பம் வந்து கேட்டால் தேடிக் கொடுக்கட்டும்.

செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. பழைய சிஎஃப் கார்டில் புதிதாக ஒன்றும் எழுத வேண்டாம்; சாதாரண ஃபோர்மட் படத்தைத் துடைப்பதில்லை. முதலில் டிடிரெஸ்கியூ கொண்டு முழுக் கார்டையும் படியெடுங்கள், பிறகு அந்தப் படியில் போட்டோரெக்கை ஓட்டுங்கள். 300டியின் சிஆர்டபிள்யூ கோப்பையும் அது இனங்காணும். சீடியை நடுவிலிருந்து விளிம்புக்குத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்க வேண்டாம். ஒரு டிரைவ் வாசிக்காததை இன்னொன்று வாசிக்கும். பற்றுச்சீட்டுப் புத்தகங்களை எறிய வேண்டாம். கோப்பின் திகதி பொய் சொல்லும்போது அவைதான் சாட்சி. செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கொண்டு முகத்தைக் கூராக்கி எந்தக் குடும்பத்துக்கும் கொடுக்க வேண்டாம். முப்பது பிக்சலில் இல்லாத கண்ணை அது தானாகவே வரைகிறது. அந்தக் கண் யாருடையதும் அல்ல. கூராக்கியே ஆக வேண்டுமென்றால் மூலத்தையும் சேர்த்துக் கொடுத்து, எது மாற்றியது என்று பின்புறத்தில் எழுதுங்கள்.

தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையிடம் கேட்பது இரண்டு. போர்க்காலத்து ஸ்ரூடியோச் சேகரிப்புகள் பொதுநலன் கருதிய ஆவணக் காப்பு என்று வழிகாட்டுதல் வெளியிடட்டும். காணக்கிடையாமைச் சான்றிதழ் பெற்ற குடும்பத்துக்குப் படத்தைக் கேட்கும் உரிமையை வெளிப்படையாகச் சொல்லட்டும். காணாமற்போனோர் அலுவலகம் ஸ்ரூடியோ அலுமாரிகளையும் தேடும் இடங்களில் ஒன்றாகக் கொள்ளட்டும்.

அதுவரை அங்கத்தவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: அழிக்க வேண்டாம். அழிக்கச் சொல்லி எந்த அதிகாரி வந்தாலும் எழுத்தில் கேளுங்கள். வடக்கின் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பு சொல்கிறது. ஆகவே தமிழில் கேளுங்கள்.