முடிவு மனநிறைவு தருகின்றதா?

எச்செயலையும் தொடங்குவது எளிது. முறையாக முடித்து வைப்பதே அரிது. நெடுங்காலம் தொடர்ந்து வரும் கதைகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். மக்கள் விரும்புகின்றனர் என்பதற்காக வளர்த்துக்கொண்டே சென்று, இறுதியில் எவ்வாறு முடிப்பதென அறியாது தடுமாறிய தொடர்கதைகள் பலவற்றைக் கண்டிருக்கிறோம். இன்று நம் பிள்ளைகள் கையில் வைத்து ஆடும் மின்னியல் விளையாட்டுகளுக்கும் இதே நிலைதான். அவற்றுள் ஒரு தொடரை எடுத்துக்கொண்டு, அதன் இறுதிப் பகுதி மனநிறைவு தருகின்றதா என ஆராய விரும்புகிறோம். பள்ளி ஆண்டு மலரில் இதற்கு இடமுண்டா எனப் பெற்றோர் சிலர் வினவலாம். பிள்ளைகள் எதில் மனத்தைச் செலுத்துகின்றனரோ அதனைப் பெரியோர் அறிந்திருத்தல் கடமை என்பதே நமது விடை.

ஜப்பான் நாட்டுக் காப்காம் நிறுவனம் 'மெகாமேன் பேட்டில் நெட்வொர்க்' என்னும் விளையாட்டின் முதற் பகுதியை 2001ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் வெளியிட்டது. 'கேம் பாய் அட்வான்ஸ்' என்னும் கையடக்கக் கருவி அந்நாட்டில் விற்பனைக்கு வந்ததும் அதே நாளில்தான். ஆடுபவர் கதைமாந்தர் ஒருவரின் பாத்திரத்தைத் தாமே ஏற்று, ஊர் ஊராகச் சென்று, பலரிடம் பேசி, இடர்களை வென்று கதையை முன்னே நடத்த வேண்டும். இத்தொடர் 2005ஆம் ஆண்டு நவம்பரில் ஆறாம் பகுதியுடன் நிறைவுற்றது.

இதன் தலைவன் மாவீரனோ மன்னனோ அல்லன். லான் என்னும் ஐந்தாம் வகுப்பு மாணவன். வீட்டுச் சமையலடுப்பு முதல் குடிநீர் நிலையம் வரை யாவும் கணினி வலையில் இணைந்துள்ள உலகில் அவன் வாழ்கிறான். தீயோர் அவ்வலையினுள் புகுந்து அடுப்பைத் தீப்பற்ற வைக்கின்றனர். போக்குவரத்து விளக்குகளைக் குழப்புகின்றனர். லானின் கைக்கருவியில் வாழும் மெகாமேன் என்னும் நிரல் மனிதன் வலைக்குள் சென்று அவர்களை எதிர்க்கிறான். அம்மெகாமேன் யார்? குழந்தைப் பருவத்திலேயே இதய நோயால் இறந்துபோன லானின் இரட்டைச் சகோதரன் ஹப்தான். விஞ்ஞானியான தந்தை அவனை நிரல் வடிவில் உயிர்ப்பித்துள்ளார் என்னும் உண்மை முதற் பகுதியிலேயே வெளிப்படுகின்றது. ஆறு பகுதிகளையும் தாங்கி நிற்கும் தூண் இச்சகோதர பாசமே.

இனி, இறுதிப் பகுதிக்கு எதிராகக் கூறப்படுவனவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, 2002இல் வந்த மூன்றாம் பகுதியே உண்மையான முடிவு என்பாருளர். அதில் மெகாமேன் தன்னையே பலியிட்டு லானைக் காக்கிறான். பல மாதங்கள் கடந்தே தந்தையின் முயற்சியால் மீண்டு வருகிறான். அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கின்றனர். அடுத்து வந்த நான்காம் பகுதியை முழுமையாகக் காண ஒரே விளையாட்டை மும்முறை ஆட வேண்டியிருந்ததும் அவர்களின் வாதத்திற்கு வலுவூட்டுகின்றது.

இரண்டாவது, ஆறாம் பகுதியில் தந்தையின் பணி மாற்றத்தால் லானின் குடும்பம் வேறு நகருக்குக் குடிபெயர்கின்றது. ஐந்து பகுதிகளாக உடன் வந்த மேய்ல், டெக்ஸ், யாய் ஆகிய தோழர்கள் பழைய ஊரிலேயே நின்றுவிடுகின்றனர். விடைபெறும் வேளையில் பழையவர்களை ஒதுக்கிவிட்டுப் புதியவர்களை அறிமுகப்படுத்துவது முறையா என்பது வினா.

மூன்றாவது, ஒரே கதையைச் சிறு வேறுபாடுகளுடன் இரண்டு பதிப்புகளாக விற்றனர். மூன்றாம் பகுதியில் தோன்றிய இவ்வழக்கம் இறுதிவரை தொடர்ந்தது. ஆறு பகுதிகளுக்குப் பத்து விளையாட்டுகள்! இக்குறையை நாம் முழுமையாக ஏற்றுக்கொள்கிறோம். உழைத்துப் பொருளீட்டும் பெற்றோரின் பையில் இருமுறை கை வைப்பதை எவ்விதத்திலும் நியாயப்படுத்த இயலாது.

எனினும் மற்ற இரண்டு குறைகளையும் நாம் வேறு விதமாகக் காண்கிறோம். லானின் இடப்பெயர்வு கதைக்கு ஊறு செய்யவில்லை. மாறாக, அதனை உண்மையாக்குகின்றது. தகப்பனாருக்கு வேலை எங்கோ, பிள்ளைக்குப் பள்ளியும் அங்கேதான். ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்திற்கும், தோட்டத்தை விட்டுப் பட்டணத்திற்கும் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. புதிய வகுப்பில் யாரையும் அறியாமல் நிற்கும் பிள்ளையின் தனிமையும், சில நாட்களில் அவன் தேடிக்கொள்ளும் நட்பும் எவ்வளவு பெரிய வீரச்செயல்கள் என்பதை நம் மாணவர் அறிவர்.

அடுத்து, பகைவனின் கதை. டாக்டர் வைலி தொடக்கத்திலிருந்தே உலகை அழிக்கத் துடிப்பவர். இயந்திர மனிதரை உருவாக்கும் தம் ஆய்வு கைவிடப்பட்டு, லானின் பாட்டனாரின் வலை ஆய்வுக்கே ஆதரவு கிட்டியதால் பிறந்த வஞ்சம் அது. இறுதிப் பகுதியோ அவருடைய மனத்தின் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. நண்பரின் மகனை வளர்த்த காலத்தில் அவர் நெஞ்சிலும் அன்பு சுரந்தது. அப்போது கர்னல் என்னும் நிரல் மனிதனைப் படைத்தார். பின்னர் வஞ்சம் மீண்டும் தலைதூக்கவே, கர்னலிடமிருந்த இரக்கத்தைப் பிரித்தெடுத்தார். அவ்விரக்கமே ஐரிஸ் என்னும் பெண்ணாயிற்று. முடிவில் அவ்விருவரும் மீண்டும் ஒன்றிணைந்து தம்மையே ஈகின்றனர். தீயவனிடத்தும் ஒரு காலத்தில் நன்மை இருந்தது என்று காட்டாமல் பகைவனை வெறுமனே வீழ்த்தியிருந்தால், அது வெற்றியாக இருந்திருக்குமேயன்றி நிறைவாக இருந்திராது.

எல்லாவற்றினும் மேலாக நாம் மதிப்பது இறுதிக் காட்சியையே. மூன்றாம் பகுதி உயிர்த்தியாகத்தை மையமாகக் கொண்டது. அஃது உருக்கமானது, ஐயமில்லை. ஆறாம் பகுதியோ பள்ளி நிறைவு விழாவில் முடிகின்றது. ஆறாம் வகுப்பை முடித்த பிள்ளைகள் விடைபெறுகின்றனர். பின்னர் இருபது ஆண்டுகள் கழிந்த நிலை கூறப்படுகின்றது. லான் தந்தையைப் போல் விஞ்ஞானியாகிறான், மேய்லை மணக்கிறான், ஒரு மகனுக்குத் தந்தையாகிறான். உலகைப் பலமுறை காத்த சிறுவனுக்குக் கிடைத்த பரிசு பட்டமோ பதவியோ அன்று. வளர்ந்து பெரியவனாகும் வாய்ப்பே. முதற் பகுதி வந்தபோது பத்து வயதினனாக அதை ஆடிய பிள்ளைக்கு இறுதிப் பகுதி வந்தபோது பதினான்கு வயது நிரம்பியிருக்கும். ஆடியவன் வளர்ந்துவிட்டான், ஆட்டத்தின் தலைவனும் வளரத்தானே வேண்டும்?

இருபது ஆண்டுகளை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி முடித்தது மட்டும் நமக்கு உடன்பாடன்று. வளரும் சகோதரனும் வளரா நிரலும் எதிர்காலத்தை எவ்வாறு பகிர்ந்துகொள்வர் என்பதை இன்னும் சற்று விரித்துரைத்திருக்கலாம். ஆயினும் மொத்தத்தில் இம்முடிவு மனநிறைவு தருகின்றது என்பதே நமது துணிபு.

பெற்றோர்களே! பத்து விளையாட்டுகளும் 2023ஆம் ஆண்டு ஒரே தொகுப்பாக மீண்டும் வெளிவந்தன. அதனை வாங்கித் தருமாறு நாம் பரிந்துரைக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இன்று கைத்தொலைபேசியில் பிள்ளைகள் ஆடும் விளையாட்டுகள் பலவற்றுக்கு முடிவே கிடையாது. ஒரு நிலை முடிந்தால் மறு நிலை. இன்று வாராவிடில் பரிசு போய்விடும் என்னும் அச்சுறுத்தல். விடைகொடுக்க மனமில்லாத விளையாட்டு அது. முடிவுள்ள விளையாட்டோ, "போய் வா தம்பி, உன் வேலையைப் பார்" என்று பிள்ளையை அனுப்பி வைக்கின்றது. ஆகவே, உங்கள் பிள்ளை ஆடும் விளையாட்டுக்கு முடிவு உண்டா என்று அவனிடமே கேளுங்கள். அவ்வினாவே நல்லதோர் உரையாடலுக்கு வழி திறக்கும்.

ஆறாம் ஆண்டு மாணவச் செல்வங்களே! நீங்களும் இப்பள்ளியை விட்டு இடைநிலைப் பள்ளிக்குச் செல்லவிருக்கின்றீர்கள். உடன் பயின்றோர் அனைவரும் உங்களுடன் வரமாட்டார்கள். அதற்காகக் கலங்க வேண்டா. இங்குக் கற்ற தமிழும் கொண்ட நட்பும் உங்களோடு வரும். முடிவு என்பது இழப்பன்று. ஒன்றைச் செவ்வனே செய்து முடித்தோம் என்னும் நிறைவு. அந்நிறைவோடு சென்று வாருங்கள், வளருங்கள்!

— தலைமையாசிரியர்